பாட்டு வேலை

"உக்காந்து பாடறதுக்கு ஒரு கூலியா? அப்போ நானும் காலை ஒடிச்சுக்கிட்டு வரட்டுமா மண்டோரே?"

கடப்பாரையை ஜல்லியில் ஓங்கிக் குத்திவிட்டுக் கேட்டான் வாசு. மலாயாவில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயில் போகும் கம்பிச்சடக்கில் வேலை செய்த அத்தனை பேர் காதிலும் விழ வேண்டும் என்றுதான் கேட்டான்.

கன்னையாவுக்குச் சுருக்கென்றது. சிலீப்பர் கட்டை விழுந்து வலது பாதம் நசுங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து, கம்பு ஊன்றிக்கொண்டு வேலைக்குத் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை அவனுக்கு.

ஆட்களை மேய்க்கும் மண்டோர் பக்கிரிசாமியும் அவனுக்கென்று லேசான வேலை தேடித் தேடி அலுத்துப்போயிருந்தார். தண்ணீர் சுமக்கச் சொன்னார். பாதி வழியில் வாளியும் அவனும் சேர்ந்தே கவிழ்ந்தார்கள். சிவப்புக் கொடி பிடிக்கச் சொன்னார். ரயில் வந்தால் ஓடி ஒதுங்க முடியாதவன் கையிலா கொடியைக் கொடுப்பது என்று ஸ்டேஷனில் சத்தம் போட்டார்கள்.

கடைசியில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

"காலுதானே போச்சு? தொண்டை இருக்குல்ல? கம்பி நகர்த்தறப்போ நீ பாட்டெடு."

கோணிப்போன தண்டவாளத்தை நேராக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. வரிசையாக நின்று, அடியில் கடப்பாரையைக் கொடுத்து, எல்லாரும் ஒரே மூச்சில் நெம்ப வேண்டும். மூச்சு ஒன்றுசேரத்தான் பாட்டு. இத்தனை நாளும் வாசுதான் நெம்பிக்கொண்டே பாடுவான். இப்போது ஒருவன் நிழலில் உட்கார்ந்து பாடினால் வயிறு எரியாதா?

"பாட்டு இல்லாமலே நகர்த்துவோம். துரை வரட்டும், நகர்த்திக் காட்டறேன்" என்றான் வாசு.

"காட்டு, போ! உன் அப்பன் வீட்டுச் சோத்தையா நான் திங்கறேன்? இந்தச் சடக்குக்குக் குடுத்த காலுடா இது!"

கன்னையாவின் வாய் வீரமாகத்தான் பேசியது. உள்ளே வேலை போய்விடுமோ என்ற பயம். ரப்பர் விலை படுத்துக்கொண்ட வருஷம் அது. கை கால் திடமாக இருந்தவர்களையே மூட்டை கட்டி நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். வேலை போனால் ரயில்வே கொடுத்த லயத்து வீடும் போகும். மனைவி வீரம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊரில் எந்த வாசலில் போய் நிற்பான்?

சொல்லிவைத்த மாதிரி டிராலியில் வந்து இறங்கினார் வெள்ளைக்காரத் துரை. அவர் கண் நேராகக் கன்னையா ஊன்றியிருந்த கம்பின் மேல்தான் விழுந்தது.

"இந்த ஆளுக்கு என்ன வேலை?" என்று தன் அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"பாட்டு வேலைங்க துரை" என்றார் மண்டோர்.

"ரயில்வேயில் பாட்டு வேலை கிடையாது. ஊருக்கு அனுப்பு. கப்பல் இருக்கு."

காலில் விழுந்து கெஞ்சியிருக்கலாம். வேறு யாராவது என்றால் அதைத்தான் செய்திருப்பார்கள். கன்னையா கம்பை ஊன்றி நிமிர்ந்து எழுந்தான்.

"துரை! நான் பாடாம இந்தக் கம்பி நகராது. நகர்ந்தா நானே போய்க் கப்பலேறிக்கறேன்."

மண்டோர் தலையில் கையை வைத்துக்கொண்டார். துரை சிரித்தார்.

"சரி. பாட்டு வேண்டாம். நகர்த்து!"

முதல் ஆளாகப் பாய்ந்து வந்தவன் வாசு.

தொலைந்தோம் என்று நினைத்தான் கன்னையா. வாசு உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டான். குனிந்தவன், பக்கத்தில் நின்றவர்களிடம் என்னவோ முணுமுணுத்தான். அது வரிசை முழுக்கப் பரவியது. பாவிப்பயல், இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டுகிறான்!

"ஹூம்!" என்றார் மண்டோர்.

நெம்பினார்கள். கழுத்து நரம்பு புடைத்தது. வாசு "அம்மாடி!" என்று அலறினான். தண்டவாளமோ சேற்றில் படுத்த எருமை மாதிரி கிடந்தது.

"இன்னொரு தடவை!" என்றார் துரை.

இன்னொரு தடவையும் அதே கதைதான். வாசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

துரை கன்னையாவைப் பார்த்தார். "நீ பாடு."

கன்னையா தொண்டையைச் செருமினான்.

"வெயிலு நமக்கு, ஏலேலோ!"

"ஐலசா!"

"தொப்பி அவுருக்கு, ஏலேலோ!"

"ஐலசா!"

அந்த இரண்டாவது ஐலசாவுக்கே தண்டவாளம் சாதுவாக நகர்ந்து நேரானது.

துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பாட்டு யாரைப் பற்றி என்று அவருக்குப் புரியாதது எல்லாருடைய நல்ல காலம்.

"இந்த ஆள் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டிராலியில் ஏறிப் போய்விட்டார்.

கன்னையாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாசுவின் எதிரில் போய் நின்று மார்பைத் தட்டினான்.

"பாத்தியாடா? என் தொண்டைக்கு இருக்கற பலம் உங்க அத்தனை பேர் கைக்கும் இல்லே!"

வாசு நிதானமாக எழுந்து கால்சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.

"கிழிச்சே. கடப்பாரையைக் கம்பிக்கு அடியில குடுத்திருந்தாத்தானே நகரும்? ரெண்டு தடவையும் வெறும் ஜல்லியத்தான்டா நெம்பினோம்!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அப்புறம் ஏண்டா காலையிலேர்ந்து என்னை அந்தக் கரி கரிச்சே?"

"இன்னமும் கரிப்பேன். உன்னைத் திட்ட எனக்கு உரிமை இருக்கு. கப்பலேத்த அவன் யாருடா?"