இரண்டாவது பிரேக்

ஓட்டிப் பாருங்கள் என்று விற்பனையாளர் சாவியை நீட்டினால், அவள் மறுபக்கம் சுற்றிப் போய் ஏறிக்கொண்டாள்.

"நீங்க ஓட்டுங்க சார். நான் பக்கத்துல உட்கார்ந்து பாக்கறேன்."

விற்பனையாளர் முப்பது வருடமாகக் கார் விற்கிறவர். ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வந்துவிட்டுப் பக்கத்து சீட்டைச் சோதிக்கிற ஆளை அவர் கண்டதில்லை.

அவருக்கு என்ன தெரியும்? அவள் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்து சம்பாதித்த சீட் அது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பழகுகிறவர் கையில் ஸ்டியரிங், அவள் காலடியில் இரண்டாவது பிரேக். எத்தனையோ பேரைச் சுவரில் முட்டாமல் வீடு சேர்த்த கால். பிரேக் அக்கா என்றுதான் அவளுக்குப் பெயர்.

அந்தக் கால்தான் சும்மா இருப்பதில்லை. பஸ்ஸில் போனால் மிதிக்கும். டிவியில் கார்கள் துரத்திக்கொண்டால் மிதிக்கும். போன மாதம் பல் டாக்டர் நாற்காலியைச் சாய்த்ததும் ஒரு மிதி மிதித்தது. டாக்டர் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டார்.

வாரம் முழுக்க மிதித்தாயிற்று. சனி ஞாயிறுக்கென்று ஒரு வண்டி வேண்டும், அதில் ஒரே ஒரு பிரேக்தான் இருக்க வேண்டும். இந்த வயதில் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று கேட்ட அண்ணியிடமும் இதையேதான் சொன்னாள். அண்ணிக்குப் புரியவில்லை.

கணவர் ஷோரூம் வாசலிலேயே நின்றுவிட்டார். லிஃப்ட் மெக்கானிக். தானாகத் திறந்து மூடும் கண்ணாடிக் கதவைப் பார்த்தால் நகர மாட்டார். மனைவியின் காரில் அவர் எப்போதும் பின்சீட்டில்தான் போவார். அங்கேதான் காற்று நன்றாக வருகிறதாம்.

"ரெண்டே சீட்டுதான் மேடம். சாருக்குச் சரிப்படுமா?"

"அதைப் பாக்கத்தானே வந்திருக்கோம்."

முதலில் புதிது. மிளகாய்ப்பழச் சிவப்பு, ஐந்து வருட கேரண்டி, உள்ளே இன்னும் போகாத ரப்பர் வாசனை. அலுங்காமல் குலுங்காமல் போனது. ஆனால் வாய் ஓயவில்லை. சாலையின் வெள்ளைக் கோட்டைத் தொட்டால் கீச். முன்னால் போகும் வேன் நெருங்கினால் கீச் கீச். திருப்பத்தில் ஒரு பைக் குறுக்கே வர, விற்பனையாளர் கால் அசைவதற்குள் வண்டி தானே பிரேக் போட்டு நின்றது.

அவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா? நாம எதுவுமே செய்ய வேணாம். எல்லாம் அதுவே பாத்துக்கும்."

அவள் அவருடைய தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கீச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, இப்போது காதைத் தொட்டுவிடும்போல் இருந்தன. முப்பது வருடம் வண்டியோடு புரண்டவர், பத்தே நிமிடத்தில் முதல் நாள் பழக வந்தவர்போல ஆகிவிட்டார்.

அந்தத் தோள்களை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சுருக்கென்றது. இந்த வண்டிக்குள் ஏற்கெனவே ஒரு பிரேக் அக்கா உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்தது பின்கட்டில் நின்றது. பத்து வருடப் பழசு, நீலம், பானட்டில் கல் தெறித்த பொட்டுகள். விற்பனையாளருக்கே மனசில்லை. கீச் இல்லை, கேமரா இல்லை, கியரைக்கூடக் கையால்தான் மாற்ற வேண்டும் என்று குறையாக அடுக்கினார். அவர் அடுக்க அடுக்க அவள் முகம் மலர்ந்தது.

இதையும் அவர்தான் ஓட்டினார். முதல் வளைவில் அவள் மிதித்தாள். தரைவிரிப்பு மட்டும் அமுங்கியது.

எதிரே லாரி. பலம்கொண்ட மட்டும் மிதித்தாள். வண்டி அவளை மதிக்கவே இல்லை. விற்பனையாளர் பதறாமல், தன் நேரத்துக்கு, மெல்ல பிரேக்கைத் தொட்டார். நின்றது. அழகாக நின்றது. தோள்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அவள் தயவில்லாமல் ஒரு வண்டி நின்றுவிட்டது. அவமானமாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த வளைவில் கால் பாதிதான் எழுந்தது. அதற்கடுத்ததில் எழவில்லை.

"இதுதான் சார்," என்றாள்.

கையெழுத்தெல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, கணவர் பழக்க தோஷத்தில் நீல வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பின்கதவைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் அவர் கையைப் பிடித்து, விரித்து, சாவியை வைத்தாள்.

"நீங்க ஓட்டுங்க."

பதினாறு வருடத்துக்கு முன்னால் நடுவழியில் வண்டியை ஓரங்கட்டி, சாவியை உருவி அவள் மடியில் போட்ட கை அது. அன்று அவர் தோள்கள் காதைத் தொட்டுக்கொண்டிருந்தன. அதோடு சரி, ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அவருடைய லைசென்ஸை மட்டும் அவள் காலம் தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தாள்.

அவர் சாவியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார்.

வண்டி இரண்டு முறை குலுங்கி அணைந்தது. 'கிளட்ச்' என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். மூன்றாவது முறை உறுமிக்கொண்டு கிளம்பியது.

கேட்டைத் தாண்டி, சாலைக்கு வந்து, முதல் வளைவில் திரும்பியது. அவர் தோள்கள் இறங்கியே இருந்தன. எதிரே ஒரு பஸ் வந்தது. அவர் ஓரக்கண்ணால் அவள் கால்களைத் தேடினார்.

கீழே செருப்புகள் மட்டும்தான் இருந்தன. அவள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, சீட்டின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.