மூன்றாவது துணித்துண்டு

“முந்திக்கிட்டுப் படிச்சுட்டு முழிக்கிற முழியைப் பாரு!”

“நானா? பாதிப் புத்தகம் தாண்டி அடையாளம் வெச்சது நீங்கதானே அண்ணி!”

கணவன்மார் காலமான பிறகு அந்த வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் மட்டும்தான். பேய்க்கதை என்றால் இருவருக்கும் உயிர். அலமாரி நிறையச் சேர்த்திருந்தார்கள். ஒரே புத்தகத்தை ஒரே வேகத்தில் படிப்பது ஒப்பந்தம். மீறினால் அலமாரியை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். தையல்காரியான அண்ணி அடையாளத்துக்குத் துணி வெட்டித் தந்திருந்தாள். தனக்குச் சிவப்பு, நாத்தனாருக்கு நீலம். இரண்டும் மூன்றாம் அத்தியாயத்தில் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் மூன்றாவதாக ஒரு கறுப்புத் துண்டு ஒன்பதாவதில் இருந்தது.

“சத்தியமா நான் இல்ல அண்ணி.”

“நானும் இல்லடி. எங்கிட்ட கறுப்புத் துணியே கிடையாது.”

இருவரும் மறுபடி புத்தகத்தைத் திறந்தார்கள். கறுப்புத் துண்டு பத்தாம் அத்தியாயத்துக்குப் போயிருந்தது.

நாத்தனாருக்கு முதலில் வந்தது நிம்மதிதான். இனி அலமாரியைப் பிரிக்க வேண்டியதில்லை.

“அது நமக்கு மேல கதைப் பைத்தியமா இருக்கும் போல,” என்றாள் அண்ணி, குரலை இறக்கி.

நாத்தனார் ஜன்னலோரத்துக் காலி நாற்காலியின் பக்கம் மரியாதையாகத் திரும்பினாள்.

“ஏங்க, கதையில இதுவரைக்கும் ஒண்ணுமே இல்ல. போகப் போகவாவது பயமா இருக்குங்களா?”