முப்பத்தாறாவது கீற்று

வாய்க்காலின் குறுக்கே பதித்த மரக்கட்டை முன் மியே குந்தினாள். சந்தேகப்பட்டது சரி. அவள் ஊரான மேலூருக்குத் தண்ணீர் விடும் வெட்டில் யாரோ ஒரு மூங்கில் சில்லைச் செருகி அகலத்தைக் குறைத்திருந்தார்கள்.

கட்டையில் இரண்டே வெட்டு. மேலூரின் ஏழு வயலுக்கு மூன்று விரல் அகலம். கீழூரின் பன்னிரண்டு வயலுக்கு ஐந்து விரல். வயலெல்லாம் ஒரே அளவு. மலைத் தண்ணீர் அந்த வெட்டுகளின் வழியேதான் பிரியும்.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மேலூர் நாற்று மஞ்சளடித்துக் கிடக்கிறது.

"கட்டையில கை வைக்காத" என்றாள் அம்மா காலையில், அடுப்பைப் பார்த்தபடி. அவளுக்கு எதற்கும் பயம். கைநாட்டிலேயே காலம் தள்ளியவள். ஊரில் முதல் ஆளாகக் கல்லூரி முடித்த மியேவும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா என்ன?

கட்டையின் வெட்டை மாற்றிய வீட்டுக்கு அபராதம் ஒரு பன்றி. பல வீடுகளில் இருப்பதே ஒரு பன்றிதான்.

கீழூர் லுச்சோ கரையில் நின்று சிரித்தாள். "என்னடி பட்டதாரி, தண்ணிக்கும் பரீட்சையா?"

"ஆமா. உங்க ஊர்ல யார் வீட்டுப் பன்றி கொழுத்திருக்குன்னு பார்த்து வை."

சில்லைப் பிடுங்கினாள். சேற்றில் குச்சியால் எழுதினாள். மூன்றின் கீழ் ஏழு. பக்கத்தில் ஐந்தின் கீழ் பன்னிரண்டு. குறுக்கே பெருக்கினாள்.

மூன்று பன்னிரண்டு முப்பத்தாறு. ஐந்து ஏழு முப்பத்தைந்து.

அழித்துவிட்டு மறுபடி பெருக்கினாள். அதேதான். வெட்டுப்படி, வயலுக்கு வயல் அதிகம் போவது மேலூருக்குத்தான்.

ஒரு விரல் அகலத்தைப் பன்னிரண்டாகக் கீறினால், மேலூர் வெட்டில் முப்பத்தாறு கீற்று. நியாயப்படி முப்பத்தைந்து போதும்.

சில்லை விரலின் குறுக்கே வைத்து, நகர்த்தி நகர்த்தி எண்ணினாள். பன்னிரண்டாவது தடவையில் விரல் முடிந்தது. சில்லின் தடிமன் சரியாக அந்த ஒரு கீற்று.

 எழுதாமல், பெருக்காமல், இரண்டு ஊர் வயலிலும் தண்ணீர் நிற்கும் உயரத்தைப் பார்த்துப் பார்த்தே யாரோ இதைச் சீவியிருக்கிறார்கள்.

"சொல்லுடி, யார் வீட்டுப் பன்றி?"

மியே சில்லைத் திருப்பினாள். தலைப்பில் நீல நூல். இரண்டு சுற்று, இடப்பக்கம் மடக்கிப் போட்ட முடிச்சு.

அவள் சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றிலும் அதே முடிச்சு. காலையில்கூட அறுந்த ஒன்றை அம்மா தைத்துக் கொடுத்திருந்தாள்.

சில்லை இருந்த இடத்திலேயே செருகி, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினாள்.