மூன்று படி கீழே

"பழைய சம்பளம் உங்ககூட வராது. அதை முதல்லயே சொல்லிடறேன்" என்றான் கோரன்.

டோர்காஸ் தலையாட்டினாள்.

கோரன் சம்பளப் பிரிவு அதிகாரி. பதினோரு வருடமாக அவளுடைய ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் கணக்குப் போட்டவன். இறங்குவதற்குப் போடுவது இதுதான் முதல் தடவை.

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் ஜூலை மாதக் குளிர்காலக் காலை. வெளியே புல்லெல்லாம் உறைபனி பிடித்து வெளுத்துக் கிடந்தது.

"நாங்களா உங்களை இறக்கினா வேற கதை. கொஞ்ச மாசத்துக்குப் பழைய சம்பளத்தையே காப்பாத்திக் கொடுக்கலாம். நீங்களா கேட்டு இறங்கினா அது கிடையாது. கீழ் கிரேடுல உச்சம் எதுவோ, அதுல கொண்டுபோய் வைப்பாங்க. அதுக்கு மேல ஏற இடமே இருக்காது."

"தீவுலேர்ந்து பேப்பர் வந்திருச்சா?"

"வந்திருக்கு. அதுக்குத்தான் வர்றேன்."

உட்காருவதற்கு முன்பே அவள் இதை ஒரு தடவை கேட்டிருந்தாள்.

முப்பது பேரிடம் வேலை வாங்கும் இயக்குநர் அவள். கேட்டிருந்ததோ, நாட்டின் வடக்குக் கோடியில் தர்ஸ்டே தீவில், இதே இலாகாவின் சின்ன அலுவலகத்தில் கவுன்டர் வேலை. மூன்று கிரேடு கீழே.

அவள் பிறந்த தீவு அது.

கோரன் ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி, பென்சிலால் ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டான். இரண்டு வாரச் சம்பளம். இப்போது வாங்குவதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

அவள் எண்ணைப் பார்க்கவில்லை. அவன் கைக்கு அடியில் இருந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சித்தி மகன் தீவிலிருந்து ஃபோன் பண்ணுவான். பின்னால் பாட்டு, தட்டுச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல். அத்தனைக்கும் நடுவே ஒரே ஒரு சிரிப்பை, ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் தேடுவாள். சில வருடம் கேட்கும். சில வருடம் கேட்காது.

"பென்ஷனும் அடிபடும். கடைசி வருஷங்களோட சம்பளத்தை வச்சுத்தான் அதைக் கணக்குப் பண்ணுவாங்க. சாகற வரைக்கும் குறைச்சல்தான்."

"சரி."

"ஒரு ஆறு மாசம் தற்காலிகமா போய்ப் பாருங்களேன். சம்பளமும் போகாது, இந்த நாற்காலியும் போகாது."

"தற்காலிகம்னா நம்ப மாட்டாங்க."

"யாரு?"

"அந்தப் பேப்பரை எடு" என்றாள் அவள்.

கோரன் பெருமூச்சு விட்டு ஃபைலிலிருந்து கடைசித் தாளை உருவினான். "அங்க ஆபீஸ் பொறுப்பாளர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. பேரு கெசியா. குறிப்புன்னு இருக்கிற இடத்துல கையால ஏதோ எழுதியிருக்காங்க. கொஞ்சம் எடக்கா இருக்கு."

"படி."

"எட்டு மணிக்குக் கதவைத் திறக்கணும், எட்டரைக்கு இல்ல. கான்பராவுல பெரிய ஆளா இருந்திருக்கலாம், இங்க அவங்கவங்க டீக் கப்பை அவங்கவங்கதான் கழுவணும். வர்றப்ப கோட்டைத் தூக்கிட்டு வர வேண்டாம், இங்க வேர்த்துக் கொட்டும்."

தாளை மேசையில் போட்டான்.

"ஒரு இயக்குநர்கிட்ட பேசற பேச்சா இது? இந்தம்மாவுக்குக் கீழயா போய் உக்காரப் போறீங்க? இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கலாம்."

டோர்காஸ் அந்தத் தாளை எடுத்தாள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனாள். கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

கோரன் டிஷ்யூப் பெட்டியை நகர்த்தி வைத்தான். சம்பளக் கணக்கு இப்போதுதான் உறைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"பேனா கொடு" என்றாள் அவள்.

வட்டம் போட்ட எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"உறவுக்காரங்க யாராவது அங்க வேலை பார்க்கறாங்களான்னு விண்ணப்பத்துல ஒரு கேள்வி இருந்துச்சே. என் பதிலை நீ படிக்கல போல. கெசியா என் தங்கச்சி."

கோரன் நிமிர்ந்தான்.

"தீவுல அம்மாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு நான் இதே மாடியில இன்டர்வியூல உக்காந்திருந்தேன். என்னோட முதல் பதவி உயர்வு. பத்தொன்பது வருஷம் ஆச்சு. அன்னிலேர்ந்து அவ என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல, எழுதினதில்ல."

தாளை அவனிடம் நீட்டினாள்.

"கண்ணு மறைக்குது கோரன். இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமா படி."