புது டிஸ்கில் தனிக்குடித்தனம்

ஒரு கணினிக்குள் வயதான ஹார்டு டிஸ்க் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அங்கிருந்த கோப்புகளெல்லாம் அதன் மேல்தான் கூட்டுக்குடும்பமாக வாழ்ந்தன. ஒருநாள் கணினிக்காரர், சும்மா படுத்திருந்த ஒரு காலிக் கோப்பை எழுப்பி, "இனிமேல் நீயும் ஒரு டிஸ்க். உனக்குள்ளும் கோப்புகள் குடியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

சமையல் குறிப்புக் கோப்பு முதல் ஆளாகக் கிளம்பியது. "பெரியப்பா சுற்றுகிற சத்தத்தில் மனுஷி இருக்க முடியுமா?" என்று ஊரெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் குடிபோனது.

பெரியவர் காதிலும் அது விழுந்தது. அந்தப் புது டிஸ்கும் தன் மேல்தான் கிடக்கிறது என்று அவர் வாய் திறக்கவில்லை. யாராவது ரசக் குறிப்பைக் கேட்டால், முன்போலவே அவர்தான் தேடி எடுத்துக் கொடுத்தார். சத்தம் வராமல் சுற்ற மட்டும் மெல்லப் பழகிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துச் சமையல் குறிப்பு நலம் விசாரித்தது.

"புது வீட்டில் ஒரு சத்தம் கிடையாது பெரியப்பா. வீடுன்னா அதுதான் வீடு. நீங்களும் ஒருநாள் வந்து தங்கிட்டுப் போங்களேன்."

"வரேன்மா" என்றார் பெரியவர், அந்த வீட்டையும் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் சுற்றியபடியே.