ஏறட்டுமா?

தரைக்குப் பதில் வலை இழுத்துக் கட்டிய வலைத்தரை வீடுகளில் ஒருவர் கால் வைத்தாலும் தரை முழுவதும் ஆடும். அதனால் படியில் நின்று "ஏறட்டுமா?" என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் காபி டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு "ஏறு" என்பார்.

திருமேனியின் மனைவி இறந்து ஏழு மாதமாகிவிட்டது. இருவர் எடைக்கு இறுக்கிய வலையை ஒருவருக்காகத் தளர்த்த, பராமரிப்புப் பிரிவிலிருந்து ரெஜினா வந்திருந்தாள். சுவரோரம் குந்தித் திருகுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது, குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போன திருமேனி படியில் நின்று கேட்டார்.

"ஏறட்டுமா?"

"ஏறுங்க சார்," என்றாள், தலை நிமிராமல்.

வலை ஆடவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவர் சொம்போடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லம்மா. தெனம் கேக்கறதுதான். பதில் வந்துதான் ரொம்ப நாளாச்சு."

வேலை முடிந்ததும் ரெஜினா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஒரு தடவை இறங்கி ஏறிப் பாருங்க சார்," என்றாள்.

இறங்கினார். கேட்டார். அவள் "ஏறுங்க" என்றாள். ஏறினார். வலை மெல்ல அசைந்து அடங்கியது.

"சரியா இருக்கா சார்?"

"இல்லியேம்மா," என்றார் திருமேனி. அதற்குள் மறுபடி படிக்கு இறங்கியிருந்தார்.

ரெஜினா பையைக் கீழே வைத்தாள்.