தட்டிக்கொடுத்த கை

சாயப்பட்டறையில் எல்லோரையும் போலவே கோகிலவாணியும் காதுக்குப் பின்னால் அரிப்பு வில்லை ஒட்டியிருந்தாள். ஒட்டிக்கொண்டால் உடம்பில் எங்கும் அரிக்காது. அரிக்காததால் யாரும் கையுறை கேட்பதுமில்லை.

அவளுடைய கைக்குழந்தை மித்ரனுக்குத்தான் முதுகெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. சோப்பை மாற்றினாள், துணியை மாற்றினாள், அழுகை மட்டும் ஓயவில்லை.

"இவனுக்கும் ஒரு வில்லை ஒட்டி விட்டுருங்க டாக்டரம்மா. பாக்கவே முடியலீங்க."

டாக்டர் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்க கையை அந்தத் தடிப்பு மேல வைங்க."

வைத்தாள். தடிப்பு அவள் உள்ளங்கைக்கும் ஐந்து விரல்களுக்கும் அச்சாகப் பொருந்தியது. தினமும் அவள் தட்டித் தூங்க வைக்கும் இடம் அது.

"நல்லாக் கழுவிட்டுத்தானுங்க தூக்குறேன். எனக்கு ஒண்ணுமே அரிக்கலீங்களே?"

டாக்டர் கையை நீட்டி, அவள் காதுக்குப் பின்னாலிருந்த வில்லையை மெல்ல உரித்தெடுத்தார்.

விரல் நுனியிலிருந்து முழங்கை வரை நெருப்பை அள்ளிப் பூசியது போல எரிந்தது. கோகிலவாணி பல்லைக் கடித்துக்கொண்டாள். மடியில் மித்ரன் வீறிட்டான். பழக்கத்தில் தட்டப் போன கை, அவன் முதுகைத் தொடாமல் அந்தரத்திலேயே நின்றுவிட்டது.